சிவப்பு மருந்தின் கணக்கை எங்கள் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வில்ம்ஸ் கட்டி என்ற அந்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், என் மகளும் அப்படிப் பிழைத்தவள். ஆனால் பிழைத்த பிறகு இதயத்துக்கு என்ன நேரலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு வயதில் குளிப்பாட்டும்போது இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்பட்டது கட்டி. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அடுத்த வருஷமே நுரையீரலில் திரும்ப வந்தது. அப்போது நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் டாக்சோரூபிசின் என்ற மருந்தும் கொடுத்தார்கள். வார்டில் எங்களுக்கு அது 'சிவப்பு மருந்து'. டியூபில் ரோஸ்மில்க் மாதிரி இறங்கும், அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகவே போகும். பிள்ளை பயந்து அழுதால், "பீட்ரூட் தின்னேல்ல கண்ணு, அதான்" என்பார் பக்கத்துப் படுக்கை அம்மா.

ஐந்து வருஷம் போய்க் காட்டினோம். "இனி வர வேண்டாம்" என்றார்கள். கோயிலில் மொட்டை போட்டோம்.

இப்போது அவளுக்கு 19. விடுதியில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். ரத்தசோகை என்று மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. அப்புறம் படுத்தால் இருமல், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது இதயம் பலவீனமாகியிருந்தது. "சின்ன வயசுல மொத்தம் எவ்வளவு டோஸ் ஏறிச்சு?" என்று இதய மருத்துவர் கேட்டார். மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் தாளில் 'கீமோ முடிந்தது' என்று மட்டும் இருந்தது.

அந்த மருந்து இதயத் தசையைச் சேதப்படுத்தும், பாதிப்பு பல வருஷம் கழித்துகூடத் தெரியும் என்று அவர்தான் விளக்கினார். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வில்ம்ஸ் கட்டிக்கு முதல் சிகிச்சையிலேயே டாக்சோரூபிசின் பெற்றவர்களில் 20 ஆண்டுகளுக்குள் 4.4 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை, வந்திருக்கிறது. நோய் திரும்பியதால் அதைப் பெற்றவர்களில் அது 17.4 சதவீதம். பெண் குழந்தைகளுக்கும், நுரையீரலிலோ இடப்பக்க வயிற்றிலோ கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு ரத்த அழுத்தமும் ஏறினால் இதயத்துக்கு இன்னும் சுமை.

மருந்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என் பிள்ளை இன்று இருந்திருப்பாளா, தெரியாது. பரவாத, நடுத்தர ஆபத்துள்ள கட்டிகளில் பலவற்றுக்கு டாக்சோரூபிசினைத் தவிர்க்கலாம் என்று 2015-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. வரும் குழந்தைகளுக்கு அது நல்லது. ஏற்கெனவே அந்த மருந்து ஏறிய குழந்தைகள் வளர்ந்து கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் சொல்வது?

மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும்போதே மொத்த டோஸையும், எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் எக்கோ எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் கர்ப்பமாகும் முன் இதயத்தைக் காட்ட வேண்டும் என்பதைத் தாயிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பழைய மருத்துவமனைக்கு நாலு நடை நடந்து, பதிவேட்டில் அந்தக் கணக்கைக் கண்டெடுத்தோம். மகள் அதைத் தன் செல்போனில் ரத்த வகைக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விருதுநகர் மாவட்டம்