படகோட்டி மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

பாக் விரிகுடாவில் கடற்பசுக்களையும், அந்தப் பாலூட்டிகள் மேயும் கடற்புல் வெளிகளையும் ஆய்வு செய்வது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் மீனவர் பெரும்பாலும் படகோட்டியாகவே நின்றுவிடுகிறார். படகுக்கு வாடகை உண்டு, அறிவுக்கு ஒரு வரி நன்றியோடு சரி. முட்டை வெண்கரு சேர்த்த செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சின் பக்குவத்தை நாங்கள் கொத்தனாரிடம்தானே கேட்கிறோம்?

சென்ற மாதம் தொண்டிக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கண்ணியில் சிக்கிய கடற்புல்லைப் பிரித்துக் காட்டினார். “இலை மட்டும் வந்தால் தானாக உதிர்ந்தது, கிழங்கோடு வந்தால் அங்கே இழுவைமடி ஓடியிருக்கிறது” என்றார். இழுவைமடி என்பது கடலடியை வாரி இழுத்துச் செல்லும் வலை. கடற்பசுவை அவர் ‘ஆவுளியா’ என்றுதான் சொல்கிறார். அறிக்கையில் அந்தப் பெயராவது இடம்பெறுமா?

ஒவ்வொரு ஆய்வுக் குழுவிலும் அந்தந்தக் கடற்கரை ஊரின் மீனவர் இருவரையாவது ஊதியத்துடன் சேர்த்து, அவர்கள் பெயரையும் அறிக்கையில் பதிய வேண்டும். முடிவுகளை அச்சிடுமுன் மீன் ஏலக்கூடத்தில் தமிழில் வாசித்துக் காட்டலாம். பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

– ஒரு வாசகர், தேவகோட்டை