ஆணியை எந்தப் பக்கம் தட்ட வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நேற்று இரவு நீ பூதப்பாண்டி வீட்டைப் பற்றிப் போனில் சொன்னதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. பிரித்துப் பெங்களூருவில் நிறுத்த அந்த மரக்கூரையை நீ விலைக்கு வாங்கியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியாமல் போனை வைத்துவிட்டேன். ஆனால் பிரித்துத் தர ஒப்புக்கொண்டவர் சொன்னதாக நீ சொன்னாயே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. பொருத்துகளுக்கு அரை அடி உள்ளே அறுத்து இறக்கிவிடலாம், பெங்களூருவில் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கிக்கொள்ளலாம், இரண்டு நாள் வேலை என்றாராம். வேண்டாம் மக்களே. அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும். அந்த மரத்தில் ரம்பம் படக் கூடாது.

அந்த வீட்டின் கீழே நின்று பலமுறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். உத்திரமும் விட்டமும் தேக்கு, ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரங்கள் அயினி, முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்கள் பலா. எல்லாம் வைரம் பாய்ந்த மரம். ஓரத்து வெள்ளையை ஒரு விரல்கூட விடாமல் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். கரையான் தேடிவருவது அந்த வெள்ளையைத்தான். தூண் எதுவும் மண்ணைத் தொடவில்லை, கல்லின் மேல் நிற்கிறது. செய்தவர் அதைப் பிரிக்க முடியும்படியாகவே செய்திருக்கிறார். பிரித்தெடுத்து வேறொரு மனையில் மறுபடி கோத்து நிறுத்தலாம். நீ செய்யப்போவதும் அதைத்தானே? பிறகு எதற்கு அறுப்பது? இரண்டு முனையிலும் அரை அடி போனால் விட்டம் ஒரு அடி குறையும். அதோடு போவது அந்த ஆசாரி உட்கார்ந்து செதுக்கிய மர நாக்கும் அது நுழையும் துளையும். மீதி வெறும் கட்டை.

முதலில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறு. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் மரத்தின் மேல் சாய்த்துப் பிடி. பொருத்துகளின் பக்கத்தில் உளியால் இட்ட சின்னக் கோடுகள் தெரியும். ஒரு கோடு உள்ள நாக்குக்கு ஒரு கோடு உள்ள துளை, இரண்டுக்கு இரண்டு. அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள். அதற்குப் பிறகு நீ கொடுக்கும் வரிசை எண்ணைத் தகரத் துண்டில் பொறித்து ஒவ்வொரு மரத்திலும் கட்டு. சாக்கட்டியால் எழுதாதே, லாரியில் ஏற்றும்போதே அழிந்துவிடும்.

ஓடுகளை முகட்டிலிருந்து கீழ் நோக்கி, இரண்டு சரிவிலும் சமமாக இறக்கச் சொல். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கத்துப் பாரம் கூரையைத் தள்ளிவிடும். அடுத்து, கைமரங்களின் நடுவில் வரிசையாகத் துளையிட்டு, பூக்களை நாரில் கோப்பது போல ஒரு நீளச் சட்டத்தைக் கோத்திருப்பார்கள். அதன் ஆப்புகளைத் தளர்த்தி முதலில் அதை உருவ வேண்டும். அது உள்ளே இருக்கும்போது ஒரு கைமரத்தை நெம்பினாலும் பத்துக் கைமரம் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

இனி ஆணி. இதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நாக்கைத் துளைக்குள் பூட்டி வைக்கும் மர ஆணி ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கி இருக்கும். ஒடுங்கிய முனையில் தட்டினால்தான் வெளியே வரும். எண்ணெயும் புகையும் படிந்த மரத்தில் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நகத்தால் சுரண்டிப் பார். கொட்டாப்புளியின், அதாவது மரச் சுத்தியலின், அடி வாங்கிய முனையில் நார் விரிந்து மழுங்கியிருக்கும். மறுமுனை சீவியது சீவியபடி இருக்கும். அங்கே ஒரு கட்டையை வைத்துத் தட்டு. அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதே. ஆணியின் நடுவில் அதைவிடச் சிறிய துளை போட்டால் அது தளர்ந்து கொடுக்கும். ஆணி போனால் வேறு ஆணி செய்யலாம்.

நம் வீட்டு நடுக்கூடத்து விட்டத்தில் மூன்று உடுக்கை பதித்திருக்கிறதே, நினைவிருக்கிறதா? தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “அப்பா, அது எதற்கு?” என்று நீ கேட்பாய். அலங்காரம் என்று சொல்லிவைத்தேன். அது பொய் மக்களே. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தேரூரில் ஒரு வீடு பிரிக்க உன் தாத்தாவுடன் போனேன். அவர் கீழே இறங்கிய நேரத்தில், சீக்கிரம் முடித்துக் காட்டலாம் என்று இரும்புச் சுத்தியலால் ஓர் ஆணியைத் தவறான பக்கத்திலிருந்து நான்கு அடி அடித்தேன். நாலாவது அடியில் விட்டத்தின் வாய் பிளந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல் ஓடியது. தாத்தா ஏறிவந்து அந்த விரிசலை விரலால் கடைசி வரை தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த மாதத்துக் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, விட்டத்தை மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் உடுக்கை வடிவத்தில் தோண்டி, அதே வடிவத்தில் வேங்கைத் துண்டு சீவி இறக்கினார். இடுப்பு ஒடுங்கி இரு தலையும் அகன்ற துண்டு என்பதால் விரிசல் மேலும் திறக்க முடியாது. இன்றுவரை திறக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

இரும்புத் தகட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், மரம் நீளவாக்கில் அசைவதில்லை, அகலவாக்கில் அசையும். மழைக்கு ஊதும், வெயிலுக்கு ஒடுங்கும். ஒரு அடி அகல மரம் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை போய்வரும். நாக்கும் மர ஆணியும் அதோடு சேர்ந்து இசைந்து கொடுக்கும். தகடு கொடுக்காது. குறுக்கே இரண்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்தால் மரம் நடுவில்தான் வெடித்தாக வேண்டும்.

நமக்கு இரண்டு மழையும் உண்டு, இங்கே காற்றில் ஈரம் அதிகம். பெங்களூருவில் காற்று இவ்வளவு ஈரமில்லை. ஆகையால் மரம் வந்து இறங்கியதும் நிறுத்திவிடாதே. வெயில் படாத கூரையின் கீழ், தரையிலிருந்து உயர்த்தி, வரிசைக்கு வரிசை ஒரே பருமனுள்ள சட்டம் கொடுத்து அடுக்கு. காற்று உள்ளே போய்வர வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே கிடக்கட்டும். அந்த ஊர்க் காற்றுக்கு அது பழகியபின் பொருத்துகள் சற்றுத் தளர்ந்திருக்கும். அப்போது நன்றாகக் காய்ந்த மரத்தில் புது ஆணி சீவிப் போடலாம். பழுதான நாக்கைப் புதிதாகச் செய்ய நேர்ந்தால், அதில் ஆணிக்குப் போடும் துளையை நாக்கின் அடிப்பக்கமாக அரை நூல் தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்கும்போது பொருத்தைத் தானே இழுத்து இறுக்கிவிடும்.

உன் எஞ்சினீயர் நண்பர்கள் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். அவர்களைத் தக்கலைக்குக் கூட்டிவா. பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய அந்தத் தூணின் முன்னால் நிறுத்து. நீ நாலாவது படிக்கும்போது அதைக் கட்டிப்பிடித்து, காவலரிடம் திட்டு வாங்கினாய். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ராஜாக்கள் போனபிறகும் அந்தக் கூரை இருநூறு ஆண்டுக்கு மேலாக மழை வாங்கிக்கொண்டு நிற்கிறது. தாழ்ந்த இறவாரமும் கல்லின் மேல் நிறுத்திய தூணும், அவ்வப்போது பழுது பார்த்த கைகளும் காத்த மரம் அது.

பங்குனி முடிவதற்குள் பிரித்துவிட வேண்டும். நான் வருகிறேன். முழங்கால் ஏணி ஏற விடாது, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறேன். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன், கை பதறாதவர்கள். தாத்தாவின் கொட்டாப்புளிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்திருக்கிறேன். முதல் ஆணியை நீ தட்டு.

எடுக்கிற ஆணிகளில் ஒன்றையும் விறகென்று யாரும் அடுப்பில் போட விடாதே. துளையின் எண்ணோடு துணியில் முடிந்து வை. புது ஆணி சீவும்போது பருமன் பார்க்க எனக்கு அவை வேண்டும்.

அன்புடன்,
அப்பா