இரண்டு பெட்டிக்குள் அடங்காத எழுத்துரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைப்பு எழுத்துருக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, செரிஃப் (கோட்டு நுனியில் சிறு கால் உள்ளது), சான்ஸ் செரிஃப் (அந்தக் கால் இல்லாதது) என்று இரண்டே பெட்டி போட்டுவிட்டு, நுனி விரிந்த தடித்த எழுத்துக்களைப் ‘பழைய அலங்காரம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

இந்த வகையில் கோடு நடுவில் சற்று ஒடுங்கி, இரு முனையிலும் மெல்ல அகன்று முடியும். தனியாக ஒட்டிவைத்த செரிஃப் கிடையாது. கோடே விரிந்து நுனியாகிறது. வடிவம் பிறந்த விதம் அப்படி. அல்பர்ட்டஸ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரைந்த பெர்த்தோல்ட் வோல்பே வெண்கலத்தில் எழுத்து செதுக்கியவர். சுற்றியுள்ள உலோகத்தை வெட்டியெடுத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்துவார். வெளியிலிருந்து வெட்டிக்கொண்டு வரும்போது மெல்லிய செரிஃபுக்கு இடமில்லை. தடித்த, எளிய உருவம்தான் தேறும். அல்பர்ட்டஸை மோனோடைப் நிறுவனம் 1930-களில் அச்சுக்குக் கொண்டுவந்தது. அதன் பெரிய ஆங்கில ‘எம்’மில் (M) நடுக்கோடுகள் அடிவரை இறங்காமல் பாதி வழியிலேயே சந்தித்துக்கொள்ளும். என்ன ஒரு துணிச்சல்! லண்டனின் ‘சிட்டி’ பகுதித் தெருப் பலகைகளிலும், ஃபேபர் பதிப்பகத்தின் எத்தனையோ அட்டைகளிலும் இருப்பது அதுதான். இரண்டு மூன்று சொற்களைத் தூரத்திலிருந்தே சொல்ல வேண்டிய இடங்கள் அவை.

ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃப் 1950-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் கண்ட எழுத்தை கையிலிருந்த லிரா பண நோட்டிலேயே வரைந்துகொண்டார். 1958-இல் அது ஆப்டிமா என்ற எழுத்துருவாக வெளிவந்தது. அதுவும் இந்த வகைதான். மெலிந்த வடிவில் அதில் பத்தி பத்தியாகவும் படிக்கலாம்.

கனம் கூடினால் கதை வேறு. கோடு பருக்கப் பருக்க, அதன் ஒடுங்கிய இடுப்புக்கும் நுனிக்கும் உள்ள வித்தியாசம் கரைகிறது. நல்ல வடிவமைப்பாளர் நுனியை இன்னும் கொஞ்சம் விரித்து, எழுத்தின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அடைபடாமல் பார்த்துக்கொள்வார். தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருளுக்கு அந்த நிதானம் ஏது? எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்கவைக்கும். மூலைகள் மழுங்கும், கோடுகள் சேரும் இடங்கள் அடைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இந்த வகையையே கனமான, பழைய சரக்கு என்று ஒதுக்குகிறார்கள்.

உங்கள் அதே இதழில் ஒரு பெட்டிச் செய்தி முழுவதும் இந்த வகைத் தடித்த எழுத்தில், பொடி அளவில் வந்திருந்தது. ‘ஏ’ (a), ‘இ’ (e) போன்ற சிறிய ஆங்கில எழுத்துக்களின் உள்வெளி மையில் மூழ்கிவிட்டது. விரிந்த நுனிகள் ஒன்றோடொன்று உரசி, வரியே கறை போலத் தெரிந்தது. பக்கத்தை வடிவமைத்தவர் அதை நான்கு சொல் தலைப்புக்கு வைத்துக்கொண்டு, உள்ளே சாதாரண உரை எழுத்தைப் போட்டிருந்தால் பெட்டி எடுப்பாக இருந்திருக்கும். பெரிய எழுத்துக்களாக அடுக்கும்போது இடைவெளியையும் ஒரு சிட்டிகை தளர்த்த வேண்டும். நடுவில் தாராளமாக இடம் இருப்பது போலத் தெரிந்தாலும் மேலும் கீழும் நுனிகள் முட்டிக்கொள்ளும்.

புத்தக அட்டை, சுவரொட்டி, அருங்காட்சியகப் பலகை, பத்திரிகையின் பெயர் என்று இதற்கு வேலை நிறைய இருக்கிறது. அடுத்த இதழில் இந்த வகைக்கென்று ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். அல்பர்ட்டஸையும் ஆப்டிமாவின் தடித்த வடிவத்தையும் உள்ளங்கை அளவில் அச்சிடுங்கள். அப்புறம் வாசகர்களே பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்