மப்ளர் கொடுக்க வந்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஆண்களை விரும்பும் ஆண் என்று 62 வயதில் வெளிப்படையாகச் சொன்ன அந்தப் பேட்டி வந்து இன்றோடு பத்தொன்பது நாள். அதற்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி மைக் செட்காரருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாக நான் பட்டிமன்றம் பேசிய ஊர்களில் பாதிக்கு மேல் அவருடைய மைக்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சு என்று பார்த்தால், "சவுண்டு போதுமாண்ணே?", "கொஞ்சம் இரையுது தம்பி." அவ்வளவுதான்.

பேட்டி வந்த மூன்றாம் நாள். நோட்டீஸில் வேறு பெயர் போட்டாயிற்று என்று அதற்குள் இரண்டு கோயில் கமிட்டியிலிருந்து சொல்லிவிட்டார்கள். யார் பெல் அடித்தாலும் நான் எழுந்திருக்கவில்லை. அவர் பெல் அடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "அண்ணே, மப்ளர்" என்றார்.

மார்கழியில் அவருடைய வேனில் விட்டுவிட்டு வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பையில் வைத்திருந்தார். மப்ளருக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா? சித்திரை வெயிலில் அதைக் கொடுக்க நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வந்திருக்கிறார்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பதில் சொல்லாமல் நின்றேன். அடுப்படிக்குப் போய், இருந்த மாவில் அவரே தோசை ஊற்றினார். முதல் தோசை பிய்ந்துபோனது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் புது ஆம்ப்ளிஃபயர், டீசல் விலை, கட்டுக்கடங்காத ஒரு ஜெனரேட்டர் என்று பேச்சு ஓடியது. பேட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, மேடையில ஒரு நடை நடந்து காட்டுவீங்களே, அது மட்டும் இனிமே வேண்டாம்ணே. பின்னாடி நம்ம பசங்களும் நின்னு பாக்குறாங்க."

எந்த நடை என்று உங்களில் பலருக்குத் தெரியும். இடுப்பை ஒடித்து, கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு. கைதட்டல் நிச்சயம். 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வதற்கு, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம். மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் விநாயகர் சதுர்த்தி மேடையில் அதே நடையை நடந்தும் காட்டினேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது, அதற்கு இன்னொருவனைக் கேலிப்பொருளாக்கினேன்.

அவர் எந்தப் பையனைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மற்றவர்கள். "அம்மாவுக்கு அப்பவே தெரியும்டா" என்ற அக்கா. இது தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகு 2021-இல் ஒருபால் ஜோடி ஒன்றின் வழக்கில் தீர்ப்பு எழுதிய சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷைப் பற்றிப் போனில் பொறுமையாக விளக்கிய வக்கீல் நண்பர். பிரிட்டிஷ் நடிகர் இயன் மெக்கெல்லன் 1988-இல் பிபிசி வானொலியில் சொன்னபோது அவருக்கு 48, ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் டக்கே 2005-இல் சொன்னபோது 68, நீங்கள் நடுவில்தான் இருக்கிறீர்கள் ஐயா என்று எழுதிய கல்லூரி மாணவர். (அவர்கள் இருவருக்கும் நம் கோயில் கமிட்டிகளோடு பழக்கம் இல்லை தம்பி. ஆனாலும் சிரித்தேன்.) திட்டி எழுதிவிட்டு, மறுநாள் அழித்த நாலைந்து பேருக்கும் நன்றி.

ஆடியில் ஒரே ஓர் ஊர் நோட்டீஸில் என் பெயர் இருக்கிறது. மைக் அவருடையதுதான். அந்த நடை இருக்காது. அது இல்லாமல் கூட்டத்தைச் சிரிக்கவைக்க எனக்கு வருமா என்று தெரியவில்லை. தலைப்பையும் அவர்கள் இன்னும் சொல்லவில்லை.