பையனின் காலை டிபனுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பிலும் தெருவிலும், பையனின் பள்ளியிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பையனுக்கு ஆட்டிசம் இருப்பது உங்களுக்குத் தெரியும். காலையில் அவன் சாப்பிட்டது இரண்டே பொருள்கள்: சேமியா உப்புமா, இல்லையென்றால் மொறுமொறுவென்று சுட்ட பிரெட். அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவன் உடம்பே அவன் சிறுகுடலைத் தாக்கும். வாழ்நாள் முழுக்க அவற்றை விலக்குவதுதான் வைத்தியம். ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமைதான். இரண்டு டிபனும் ஒரே நாளில் போயின.

"இட்லி, தோசை ஊர்ல இதுக்கா கவலை?" என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் இட்லி மெத்தென்று வாயில் பட்டாலே அவனுக்குக் குமட்டும். பொங்கல் வாசனைக்கே எழுந்து போய்விடுவான். பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்பது இவன் விஷயத்தில் பலிக்காது.

முதல் நன்றி டாக்டருக்கு. வயிற்று வலி என்றதும், "கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள், நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது" என்று தடுத்தவர் அவர். எண்டோஸ்கோபி முடிந்து நோய் உறுதியானபோது இன்னொன்றும் சொன்னார்: "இது குடலுக்கான உணவு, ஆட்டிசத்துக்கான மருந்து இல்லை." கோதுமையை விட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஆசை காட்டிய உறவினர்களிடம் நாங்கள் ஏமாறாமல் இருந்தது அந்த ஒரு வாக்கியத்தால்.

அடுத்தது தெரபிஸ்ட் மேடம். புதுப் பண்டத்தைத் திணிக்காமல், பிடித்த பண்டத்தின் சாயலில் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தட்டோரத்தில் ஒரு துண்டு வைத்தால் போதும், 'சாப்பிடு' என்று சொல்லவே வேண்டாம் என்றார்.

அந்தச் சாயலைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுப் பாட்டி! இடியாப்பம் பிழிந்து பார்த்தோம்; இழை தடி என்று தள்ளிவிட்டான். பாட்டி தன் பித்தளை நாழியைக் கொண்டுவந்து, இடியாப்பத் தட்டைக் கழற்றிவிட்டு ஓமப்பொடித் தட்டைப் போட்டார். வெந்நீரில் பிசைந்த பச்சரிசி மாவு, மெல்லிய இழை, ஆவியில் வேகவைத்து நன்றாக ஆறியபின் உதிர்த்தது. தாளிப்பில் கடுகுகூட இல்லாமல் நெய்யில் லேசாகப் பிரட்டினோம். பார்க்க அசல் சேமியா. பையன் வெகுநேரம் விரலால் நோண்டினான், முகர்ந்தான், எழுந்து போனான். சில வாரங்கள் இப்படியே போன பிறகு ஒருநாள் வாயில் வைத்தான். இப்போது அதுதான் அவன் டிபன்.

மாவு மில் அண்ணன் செய்ததை எங்கே போய்ச் சொல்வது! அரிசி அரைக்கப் போனபோது விவரம் கேட்டுவிட்டு, "இங்க கோதுமை ஓடாத மெஷினே இல்ல சார். வீட்லயே மிக்ஸில அரைங்க" என்று தன் வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்பினார். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு அரைத்துச் சலிக்கும் பக்குவத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

மளிகைக்கடை அண்ணாச்சி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெருங்காய டப்பாவின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டியவர். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. கடையில் வாங்கும் இட்லிப்பொடி, சாம்பார்பொடி எல்லாம் அதோடு நின்றன. மால்ட் கலந்த பானங்களும் அப்படித்தான். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி.

வகுப்பு டீச்சர், பிசைந்து விளையாடும் மைதா உருண்டைகளைத் தூக்கிவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்குமே அரிசி மாவில் செய்துவிட்டார். எங்கள் பையனுக்கு மட்டும் தனி உருண்டை என்று ஒதுக்காதது பெரிய விஷயம். பஸ் ஆயாம்மா, பிஸ்கட் பங்கீட்டை நீங்கள் கண்காணிக்கும் கண்டிப்புக்கு ஒரு கும்பிடு.

அம்மா, நீ அவனுக்கென்று தனித் தோசைக்கல், தனிக் கரண்டி வைத்து, வேறு யார் தொட்டாலும் சண்டைக்கு வருகிறாய். பேப்பர் ரோஸ்ட்டைப் பிரெட் மாதிரி சதுரமாக வெட்டித் தரும் யோசனையும் உன்னுடையதுதான். ஓரம் கருகக் கூடாது, சட்னி தொடக் கூடாது. தினமும் அதே சதுரம். ராகி தோசை மட்டும் நிறத்தினாலேயே இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது. போகட்டும்.

பாட்டி, உங்கள் நாழி இன்னும் எங்கள் அடுக்களையில்தான் இருக்கிறது. திருப்பித் தர மனம் வரவில்லை, தீபாவளிக்குள் உங்களுக்குப் புதிது வாங்கிவந்துவிடுகிறேன். அதில் முதலில் முறுக்குப் பிழியும்போது பெருங்காயத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அவனுக்கும் இரண்டு எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மூன்றாம் மாடிப் பையனின் அப்பா