வரவேற்பு நடனம் வேண்டும், வகுப்பு வேண்டாமா?

ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தரம் 1 முதல் 3 வரை இருந்த நடன வகுப்பு இந்தத் தவணை நேரசூசியில் எப்படிக் காணாமற் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பரிசளிப்பு விழாவுக்கு மூன்று கிழமை இருக்கையில், வரவேற்பு நடனத்துக்குப் பத்துப் பிள்ளைகளைத் தயார்படுத்தும்படி வந்த அறிவித்தல்தான் எங்களை எழுத வைத்தது. கிழமைக்கு ஒரு 40 நிமிடம் தர வழியில்லை. முன்வரிசைக் கதிரைகளுக்கு முன்னால் பூத்தட்டோடு பிள்ளைகள் மட்டும் வேண்டும்.

மூன்று கிழமையில் நடப்பது இதுதான். பரதத்தில் முழங்காலை மடித்துப் பாதி இருந்தபடி நிற்கும் அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்து விரிய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மெல்ல மெல்லத்தான் வரும். அவசரப்படுத்தினால் பிள்ளை பாதத்தை மட்டும் திருப்பிக் காட்டும், முழங்கால் உள்ளே விழும். அப்படியே, பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அடவான தட்டடவு போட்டால் பாரம் முழுக்க முழங்காலின் உட்பக்கத்தில் இறங்கும். ஒழுங்கான வகுப்பில் பாதத் திருப்பத்தைக் குறைத்து, முழங்கால் கால்விரல்களுக்கு நேராக நிற்கும் அளவில் விட்டு, முதலில் நின்றபடியே தட்டப் பழக்குவோம். விழா நெருங்கும்போது அதற்கு ஏது நேரம்?

தரையையும் பாருங்கள். மண்டபம் உடைந்த கதிரை மேசைகளோடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வெளியே சீமெந்தில். பத்து மணி வெயிலில் அதில் வெறுங்கால் வைக்க ஏலாது. தட்ட வேண்டிய காலைச் சூட்டுக்குத் தூக்கித் தூக்கி மாற்றும்போதே தாளம் போய்விடும். பாய் விரித்தால் வழுக்கும். சப்பாத்துப் போட்டால் பாதம் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேளாது, பிழை எந்தக் காலில் என்று யாருக்கும் பிடிபடாது. சீமெந்து தட்டின அதிர்வைக் காலுக்கே திருப்பி அனுப்பும். நாலைந்து நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகுது என்று பிள்ளை சொல்லும். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடினவர்கள் வட்டக்களரி என்ற தங்கள் வட்ட ஆடுகளத்தை மண்ணில் போட்டது சும்மா இல்லை.

புலமைப்பரிசிலுக்கு நேரம் வேண்டும் என்கிறீர்கள். அது தரம் 5இல் வருகிற பரீட்சை. மூன்றாம் தரத்துப் பிள்ளையின் காலை இப்போதே கட்டிப்போடுவது எந்தக் கணக்கோ! கணக்கு என்றால் அடவிலேயே இருக்கிறது: முதற் காலம் என்கிற மெதுவான வேகத்தில் ஒரு தாளத்துக்கு ஒரு தட்டு, இரண்டாங் காலத்தில் இரண்டு, மூன்றாங் காலத்தில் நான்கு. வாய்ப்பாடு வருமுன்னே இரட்டிப்பது காலுக்குத் தெரிந்துவிடும். எதிரே நிற்கும் ஆசிரியரின் வலது கை தனக்கு எந்தப் பக்கம் என்று யோசிப்பதும் படிப்புத்தான். கோலாட்டத்தில் அரைத் தாளம் முந்தினால் சோடிப் பிள்ளையின் விரலில் அடி விழும். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதை அதைவிட விரைவாகச் சொல்லிக் கொடுக்கும் பாடம் எங்களுக்குத் தெரியாது. 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன் வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு அந்த 60 எங்கிருந்து வரும்?

காரைதீவில் பிறந்து 1947இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகளின் சிலைக்கு மாலை போட மட்டும் நாங்கள் ஒரு வருடமும் தவறுவதில்லை. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள். வசந்தன் கூத்துப் பழக்க ஒரு நாள் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? மேடைப் பேச்சில் மட்டும் மட்டக்களப்பு கூத்தின் தாயகம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். கிழமைக்கு ஒரு 40 நிமிடம், வெயில் ஏறுமுன், மண்டபத்துக்குள். கேட்பது அவ்வளவுதான். புதுக் கட்டடம் வேண்டாம், உடுப்புக்குக் காசு வேண்டாம். மண்டபத்தை வெறுமையாக்கித் தர முடியாதென்றால் மர நிழலில் கல் பொறுக்கி மட்டப்படுத்தின மண்தரையாவது தாருங்கள். இம்முறை வரவேற்பு நடனத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் நின்றபடி ஒரு கும்மி அடிப்பார்கள். அதற்கு மேல் இந்த மூன்று கிழமையில் அவர்களின் முழங்காலைக் கேட்காதீர்கள்.

அடுத்த தவணை நேரசூசி அச்சாகுமுன், மண்டபச் சாவியைக் கிழமையில் ஒரு காலை எங்களிடம் தரும்படி அதிபர்மாருக்கு ஒரு வரி எழுதிவிடும்படி தயவாய்க் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நடன ஆசிரியர்கள் சிலர்