தூரத்தோடு ஏற்றத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூரச் சைக்கிள் சுற்றுலாக்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டே எண்கள் இருந்தன: மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாதை இனிக்குமா கசக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. 480 கி.மீ., 6 நாள் என்று படிப்பவர் உடனே வகுத்துப் பார்ப்பார். நாளுக்கு 80 வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் 80 ஓட்டுகிறோமே, இது என்ன பெரிய விஷயம் என்று கிளம்பியும் விடுவார். அந்த 80 ஆற்றங்கரைச் சமதளமா, 1,300 மீட்டர் ஏறி இறங்கும் மலைப்பாதையா என்பது மூன்றாம் நாள் காலையில்தான் அவருக்குத் தெரியவரும். அதற்குள் முழங்கால் பேச ஆரம்பித்திருக்கும்.

கணக்கு எளிதுதான். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 98 கிலோஜூல் வேண்டும். அதே வண்டி காற்றில்லாத நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக, கிலோமீட்டருக்கு 15, 16 கிலோஜூல் போதும். ஆக, 100 மீட்டர் ஏற்றம் கால்களுக்கு 6 கி.மீ. சமதளம் மாதிரி. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்றாலும், வளைவுகளில் பிரேக்கும் வேகத்தில் காற்றும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். எனவே 100 மீட்டர் ஏற்றத்துக்கு 5 கி.மீ. கூட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். 80 கி.மீ.யும் 1,300 மீட்டர் ஏற்றமும் கொண்ட நாளை 145 கி.மீ. நாளாகவே எண்ண வேண்டும். நேரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். சுமையோடு போகும் சாதாரண ஆள் மணிக்கு 300, மிஞ்சிப்போனால் 400 மீட்டர் உயரம் ஏறுவார்.

மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்த்தால் பாதையின் குணம் ஓரளவு பிடிபடும். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குள் என்றால் சமதளம், 10 என்றால் மேடுபள்ளம், 15ஐத் தாண்டினால் மலை. இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, சராசரி எப்போதும் செங்குத்தை மறைக்கும். 6 சதவீதச் சராசரி கொண்ட 5 கி.மீ. ஏற்றத்துக்குள் 12 சதவீதத்தில் அரை கிலோமீட்டர் ஒளிந்திருக்கலாம். இறங்கித் தள்ளவைப்பது அதுதான். இன்னொன்று, ஒரே பாதைக்கு ஒரு செயலி 900 மீட்டர் என்றும் இன்னொன்று 1,250 என்றும் காட்டும். உயரத் தரவை ஒவ்வொன்றும் வேறு அளவில் சமன்படுத்துவதால் வரும் வேறுபாடு இது. சுரங்கப்பாதையைக் கூட மேலே உள்ள மலையின் உயரமாகவே எடுத்துக்கொள்ளும் செயலிகள் உண்டு. ஏற்கெனவே ஓட்டிப் பழகிய பாதை ஒன்றை அதே செயலியில் போட்டுப் பார்த்து, அதோடு புதிய பாதையை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

ஏற்றத்தைப் பேசும்போது கியரை விட முடியாது. கடையில் வாங்கும் பல வண்டிகளில் மிகச் சிறிய கியர் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். ஒரு முறை பெடலைச் சுற்றினால் வண்டி சுமார் 2.15 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 7.7 கி.மீ. மொத்தம் 100 கிலோவோடு 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க 180 வாட் தேவை. பயிற்சியில்லாதவர் அதைப் பத்து நிமிடம் தாங்குவார், ஒரு மணி நேரம் தாங்கமாட்டார். அவர் என்ன செய்வார் என்றால், சுற்றை 40க்குக் குறைத்து, எழுந்து நின்று, முழங்காலால் மிதிப்பார். முன்னால் 26, பின்னால் 36 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.55 மீட்டர், மணிக்கு 5.6 கி.மீ., 130 வாட். அதே ஏற்றத்தை மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உட்கார்ந்தபடி ஏறலாம். சுமையோடு மலைக்குப் போகிறவருக்குச் சிறிய கியரில் முன்பல்லைவிடப் பின்பல் அதிகமாக இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பின் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டெரய்லர் தாங்கும் அதிகபட்சப் பல் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பிறகு செயின் நீளம். முன்னால் பெரிய பற்சக்கரத்திலும் பின்னால் பெரிய பற்சக்கரத்திலும் செயினைப் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றிப் பாருங்கள். டெரய்லர் முன்பக்கமாக இழுபட்டு விறைத்து நின்றால் செயின் குட்டை. களைத்துப்போன மாலையில் தவறுதலாக அந்தக் கியருக்கு மாறினால் டெரய்லரும், அது தொங்கும் ஹேங்கரும் சேர்ந்து பிய்ந்து வரும். ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு, நடுவழியில் கிடைக்காது. ஒன்றைப் பையில் வைத்திருப்பதே வழி.

அடுத்தது காற்று. மணிக்கு 20 கி.மீ.யில் போகும்போது எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால், உடல் தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றின் விசை மூன்று மடங்காகிறது. மலைக்கு உச்சி உண்டு, எதிர்க்காற்றுக்கு அது கிடையாது. ஆகவே பாதையைத் தேர்ந்தெடுத்தபின் எந்தத் திசையில் ஓட்டுவது என்று கேட்பது பாதி வெற்றி. அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாதையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுவதே வழக்கம். கோடையில் அங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் கடலோர விளிம்பும் சைக்கிளுக்குக் கிடைக்கும். மலைப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏற ஏறக் காற்று கீழிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். பள்ளத்தாக்கு வழியே இறங்கும் நாளில் விடியற்காலையில் புறப்படாவிட்டால், இறக்கத்திலும் மிதித்தே போக வேண்டிவரும்.

முதல் நெடும்பயணத்துக்கு என்ன மாதிரிப் பாதை என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: பழைய ரயில் தடம். நீராவி எஞ்சின்கள் செங்குத்தை ஏறமாட்டா என்பதால், தடம் போட்டவர்கள் மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சாய்வை 2, 3 சதவீதத்துக்குள் அடக்கி வைத்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று சைக்கிள்காரருக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் கிரேட் அலெகெனி பாசேஜ் 240 கி.மீ. நீளம். மலைத்தொடரையே கடந்தாலும் பிட்ஸ்பர்க் பக்கம் சாய்வு 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கம்பர்லாந்து பக்கம்தான் சற்றுக் கூடுதல், அதுவும் 2 சதவீதத்துக்குள். கம்பர்லாந்தில் முடிகிற இடத்திலேயே வாஷிங்டன் வரை செல்லும் கால்வாய்க்கரைப் பாதை தொடங்குகிறது, இன்னும் ஏறக்குறைய 297 கி.மீ. அங்கே சாய்வு பிரச்சினையே இல்லை. மழைக்குப் பின் சேறுதான் பிரச்சினை. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரலளவு இடைவெளி இல்லாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

ஆற்றோரப் பாதைகளும் நல்லவை. டான்யூப் ஓரமாக ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான பாதையில் குழந்தைகளோடு குடும்பமாகப் போகிறவர்கள் ஏராளம். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் தொடங்கி நெதர்லாந்து முழுக்கப் பரவிய எண் சந்திப்பு முறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சைக்கிள் சந்திப்புக்கும் ஓர் எண். அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. 21, 47, 46, 9 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொண்டால் வரைபடமே வேண்டாம். களைத்துவிட்டால் நடுவில் ஒரு எண்ணை மாற்றிச் சுற்றைக் குறுக்கிவிடலாம். பாதையில் இந்த நெகிழ்வு இருப்பதை நான் அழகான காட்சிகளுக்கும் மேலாக மதிக்கிறேன். எங்கே போனாலும், அன்றைய பாதையில் ஓரிடத்திலாவது ரயிலோ பேருந்தோ சைக்கிளை ஏற்றிக்கொள்ளுமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

தரையைப் பற்றிச் சுருக்கமாக. முழுக்கத் தார் என்றால் 28 முதல் 32 மி.மீ. டயர் போதும். பாதிக்குப் பாதி மண் என்றால் 38 முதல் 42. கற்கள் நிறைந்த காட்டுப் பாதைக்கு 50. சுமையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில் விழுவதால் ஸ்போக் அறுவதும் அங்கேதான், அதிலும் சக்கரத்தின் மையமான ஹப்பை ஒட்டி வளையும் முழங்கையில். பின்சக்கரத்துக்கு 36 ஸ்போக் கேளுங்கள். கேரியரைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு, அவை தளராமல் பிடிக்கும் பூட்டுப்பசை தடவிவிட்டு, முதல் இரண்டு நாள் இரவிலும் திருகுச் சாவி போட்டு முறுக்கிப் பாருங்கள். தளர்வது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான். கனமான பொருள் பக்கப்பைகளின் அடியில் போக வேண்டும். மேலே கட்டினால் இறக்கத்தில் ஹேண்டில் நடுங்கும்.

எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு வருவோம். ஒரே நாளில் சிரமமில்லாமல் நீங்கள் ஓட்டும் அதிகபட்சத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நாள் சராசரியாக வையுங்கள். மேலே சொன்ன ஏற்றக் கூட்டலைச் சேர்த்த பிறகு வரும் தூரம் அது. முதல் இரண்டு நாளை இன்னும் குறையுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மிதிக்காத நாள் ஒன்று. சுமையோடு ஓடும் வேகம் மணிக்கு 16, 17 இருந்தாலும், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வழி பார்ப்பதற்கும் நிற்பதைச் சேர்த்தால் 12தான் தேறும். 90 கி.மீ. நாள் என்றால் ஏழரை மணி நேரம். அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தை வையுங்கள். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிட்டால் அந்த மணி நேரம் போனது போனதுதான்.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இயந்திரம் இல்லை, உடம்பு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது கியர் கனமாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்துவிட்டது. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. அது தொடக்க அளவு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டிலை உயர்த்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்ற வேண்டும். இந்தத் திருத்தங்களைப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே, ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ.க்கு மேல் போகாமல் செய்யுங்கள். புது சீட், புது ஷூ இரண்டையும் பயணத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம். தையல் உரசிப் புண்ணாக்கும். தினமும் துவைத்துக் காயவைக்க இரண்டு இருந்தால் போதும்.

200 கி.மீ.யை பதின்மூன்றரை மணிக்குள், 600 கி.மீ.யை 40 மணிக்குள் முடிக்கும், ‘பிரெவே’ எனப்படும் நேரக்கெடு ஓட்டங்களின் மகிழ்ச்சி வேறு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. கடிகாரத்தோடு ஓடும் மகிழ்ச்சி அது. அந்த அளவுகோலை ஊர் பார்க்கப் போகிறவரிடம் நீட்டும்போதுதான் பலர் முதல் பயணத்தோடு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள். அது வருத்தம் தருகிறது, ஏனென்றால் அவர்களுக்குக் கால்பலம் குறைவில்லை, தகவல்தான் குறைவு.

ஏற்பாட்டாளர்களோடு போகிறவர்கள் பதிவு செய்வதற்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கலாம்: நாள்வாரியாகத் தூரமும் ஏற்றமும், பாதைக் கோப்பு, மூட்டைகளை வேன் எடுத்துச் செல்லுமா, முடியாதவரை அந்த வேன் ஏற்றிக்கொள்ளுமா, எத்தனை பேருக்கு ஒரு மெக்கானிக், வாடகை வண்டி என்றால் அதன் சிறிய கியரின் பற்கள். ஏற்ற விவரத்தைத் தர மறுக்கும் ஏற்பாட்டாளரோடு போக வேண்டியதில்லை.

உங்கள் பக்கங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோளும் அதே விவரங்கள்தான். இனி ஒரு சைக்கிள் பயணத்தைப் பரிந்துரைக்கும்போது, தூரத்துக்கும் நாட்களுக்கும் கீழே இன்னும் ஐந்து வரி சேர்த்துவிடுங்கள்: நாளுக்கு எத்தனை மீட்டர் ஏற்றம், மிகச் செங்குத்தான கிலோமீட்டர் எங்கே, எத்தனை சதவீதம், மண்பாதை எவ்வளவு, லாரி, பேருந்தோடு பகிரும் சாலை எவ்வளவு, அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து. படத்தின் அளவை ஓர் அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் பயணத்தில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்